பொடி தானியம் களைய எந்த வடிகட்டி வாங்குவது?

தினை, சாமை, கினோவா, அமராந்த் (ஒரு வகைக் கீரை விதை), டெஃப் (எத்தியோப்பியாவின் மிகப் பொடித் தானியம்) மாதிரி பொடி தானியங்களைப் புதிதாகச் சமைக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் சிக்கல் அடுப்பில் வருவதில்லை, சிங்கில்தான் வருகிறது. காய்கறி கழுவும் ஓட்டைக் கூடையில் தானியத்தைக் கொட்டிக் குழாயைத் திறந்தால் பாதி தானியம் தண்ணீரோடு போய்விடும். சரி என்று மாவு சலிக்கும் சல்லடையை எடுத்தால் அதில் வேறு தொல்லை: தண்ணீர் இறங்காமல் குளம் மாதிரி நிற்கும், நுரை மேலே ஏறும், கடைசியில் விளிம்பு வழியாகத் தானியமும் தண்ணீரும் சேர்ந்தே வழியும். அப்புறம் பலர் களைவதையே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் கினோவா கசக்கும், சிறுதானியத்தில் தூசியும் மணலும் பல்லில் கடிபடும், "இந்தத் தானியமே நமக்கு ஒத்துவராது" என்று அதன் மேல் பழி போட்டு மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் தானியத்தின் மேல் தப்பே இருக்காது. கையில் இருந்த வடிகட்டி தப்பு, அவ்வளவுதான்.

அவசரமாக வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விட்டம் 18 முதல் 20 சென்டிமீட்டர், ஒற்றை அடுக்குத் துருப்பிடிக்காத எஃகு வலை, கண் அளவு (வலையில் உள்ள ஒவ்வொரு ஓட்டையின் அகலம்) சுமார் அரை மில்லிமீட்டரிலிருந்து 0.6 மில்லிமீட்டர் வரை, இடுக்கு இல்லாமல் மூடிய விளிம்பு, பிடிக்கு எதிர்ப்பக்கம் பாத்திரத்தில் தொங்கவிட ஒரு கொக்கி. இந்த ஐந்தும் இருந்தால் அநேகமாக எல்லாப் பொடி தானியத்துக்கும் அந்த ஒன்றே போதும். ஏன் இந்த அளவு, கடையில் எப்படிச் சோதிப்பது, வாங்கிய பிறகு எப்படிக் களைவது என்பதை இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் தானியத்தை அளந்து பாருங்கள்

வடிகட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் அலமாரியில் இருக்கும் தானியத்தைப் பாருங்கள். "பொடி தானியம்" என்று ஒரே பேரில் சொன்னாலும் அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு. கம்பு மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம் இருக்கும், அதெல்லாம் ஓரளவு பெரிய கண்ணிலேயே நின்றுவிடும். கினோவா சுமார் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். தினையும் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். கேழ்வரகு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் உருண்டையாக இருக்கும். அமராந்த் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அதுவும் லென்ஸ் போலத் தட்டை. கசகசாவும் டெஃப்பும்தான் எல்லாவற்றிலும் பொடிசு. டெஃப் நீளவாக்கில் ஒரு மில்லிமீட்டர் பக்கம் இருந்தாலும் அகலம் அதற்கும் குறைவு.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ரகத்துக்கு ரகம் மாறவும் செய்யும். நீங்களே அளக்கலாம். ஒரு அடிக்கோலை மேஜையில் வைத்து, அதன் ஓரத்தில் பத்துத் தானியங்களை ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக அடுக்குங்கள். விரல் நுனியை ஈரமாக்கிக்கொண்டால் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வரும். வரிசை எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துப் பத்தால் வகுத்தால் ஒரு தானியத்தின் அளவு கிடைத்துவிடும். நீளமான தானியமாக இருந்தால் குறுக்குவாட்டில் அடுக்குங்கள், ஏனென்றால் நீளம் இங்கே கணக்கிலேயே வராது. தண்ணீர் அடிக்கும்போது தானியம் புரளும், ஏதாவது ஒரு நேரத்தில் செங்குத்தாக நிற்கும், அப்போது அதன் குறுகிய பக்கம் கண்ணுக்குள் நுழைந்தால் மீதியும் சறுக்கிக்கொண்டு போய்விடும். எள்ளைப் பாருங்கள், மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கிறதே என்று பெரிய கண் வலையில் போட்டால், தட்டையாக இருப்பதால் பக்கவாட்டில் நழுவிவிடும்.

உங்கள் வீட்டில் அடிக்கடி களைகிற தானியங்களில் எது மிகப் பொடிசோ அதன் குறுகிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிதான் உங்களுக்கு வேண்டிய கண் அளவு. ஏன் பாதி, கொஞ்சம் குறைவாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது, இரண்டு காரணம். ஒன்று, உமி நீக்கிய தானியத்தில் எப்போதும் உடைசல் இருக்கும், அந்த நொய் முழுத் தானியத்தில் பாதிதான் இருக்கும். இரண்டாவது, கண்ணின் அளவும் தானியத்தின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் தானியம் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் அப்படியே கண்ணில் செருகிக்கொள்ளும். ஒவ்வொரு கண்ணிலும் ஒன்று செருகிக்கொண்ட வலையைச் சுத்தம் செய்வதற்கு ஊசியோடு உட்கார வேண்டியிருக்கும். பாதி அளவு என்றால் தானியம் கண்ணின் மேலேயே உருண்டுகொண்டிருக்கும், செருகாது.

இன்னொன்றும் கவனியுங்கள். சதுரக் கண்ணில் மூலைக்கு மூலை தூரம் பக்கத்தைவிட நாற்பது சதவீதத்துக்கும் மேல் அதிகம். பெட்டியில் 1 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும் கண்ணில் 1.4 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டைத் தானியம் குறுக்காகத் திரும்பி நுழைந்துவிட இடமிருக்கிறது. அமராந்த் போலத் தட்டையானவற்றுக்கு இது மிகவும் பொருந்தும்.

கண்ணை எண்ணத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

விற்கிறவர்கள் "நைஸ்", "மிக நைஸ்" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஒருவர் நைஸ் என்பது இன்னொருவருக்கு நடுத்தரம். சில இடங்களில் மெஷ் எண் போட்டிருப்பார்கள். அது உதவியாக இருக்கும். மெஷ் எண் என்பது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் இருக்கிறது என்ற கணக்கு. எண் கூடக் கூடக் கண் சிறிதாகும். ஆய்வுக்கூடச் சல்லடைகளின் அளவுப்படி 20 என்றால் கண் சுமார் 0.85 மில்லிமீட்டர், 30 என்றால் 0.6, 40 என்றால் 0.42 பக்கம். சமையலறை வடிகட்டிகள் இதற்கு நூல் பிடித்தாற்போல் பொருந்தாது. கம்பி தடிமனாக இருந்தால் அதே எண்ணிக்கையில் கண் இன்னும் சுருங்கும். ஆனாலும் ஒரு மதிப்பீட்டுக்கு இது போதும்.

எண் எதுவும் போடவில்லை என்றால் நீங்களே எண்ணலாம். வலையின் மேல் அடிக்கோலை வைத்து, செல்போனில் கிட்டே போய் ஒரு படம் எடுங்கள். வெறுங்கண்ணால் எண்ண முயன்றால் நாலாவது கண்ணிலேயே குழம்பிவிடும். படத்தைப் பெரிதாக்கி ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை கண் வருகிறது என்று பாருங்கள். எட்டு வந்தால் அது ஏறத்தாழ 20 மெஷ். பன்னிரண்டு வந்தால் 30. பதினாறு வந்தால் 40. இப்போது பன்னிரண்டு கண் உள்ள வலையை எடுத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் என்பது பத்து மில்லிமீட்டர், அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.83. இது ஒரு கண்ணும் ஒரு கம்பியும் சேர்ந்த அளவு. கம்பி கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் கண் 0.58 மில்லிமீட்டர். இணையத்தில் வாங்குகிறவர்களும் பொருளின் படத்தைப் பெரிதாக்கி, பிடியின் அகலத்தையோ விட்டத்தையோ வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அது குத்துமதிப்புதான், என்றாலும் "மிக நைஸ்" என்ற சொல்லைவிட நம்பகமானது.

இதை வைத்துப் பார்த்தால், கம்பு மாதிரி பெரியவை மட்டும்தான் என்றால் 20 மெஷ் தாராளம். கினோவா, தினை, சாமை, கேழ்வரகு, அமராந்த் எல்லாம் வேண்டும் என்றால் 30. டெஃப், கசகசா அடிக்கடி களைகிற வீடு என்றால் 40. இந்த மூன்றில் ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் நான் 30 பக்கம்தான் சாய்வேன். கசகசா ஒன்றிரண்டு கரண்டிதான் தேவைப்படும், அதற்கு டீ வடிகட்டி ஒன்று வைத்துக்கொண்டால் போதும்.

இருப்பதிலேயே பொடிக் கண்ணை ஏன் வாங்கக் கூடாது

புதிதாக வாங்குகிறவர்கள் செய்வது இதைத்தான். எதுவும் தப்பிக்கக் கூடாது என்று நினைத்து, கடையில் இருப்பதிலேயே மிகப் பொடிக் கண் உள்ளதை எடுப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் களைவதன் நோக்கம் தானியத்தைப் பிடித்து வைப்பது மட்டும் இல்லையே, அழுக்கு வெளியே போகவும் வேண்டும். தூசி, உமித் துணுக்கு, நுண்மணல் எல்லாம் கண் வழியாகக் கீழே இறங்கினால்தான் களைந்ததாக அர்த்தம். கால் மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் கால் மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மணல் எல்லாம் தானியத்தோடேயே தங்கிவிடும். எத்தனை முறை தண்ணீர் விட்டாலும் அதே மணல் அங்கேயே புரண்டுகொண்டிருக்கும்.

தண்ணீரும் இறங்காது. மிகப் பொடிக் கண்ணில் தண்ணீர் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசைதான் காரணம். கண் சிறிதாக ஆக ஆக அந்தப் படலம் உறுதியாகும். அதோடு தானியத்திலிருந்து வரும் மாவுப் பொடியும் சேர்ந்துவிட்டால் வலை அடைத்துக்கொள்ளும். நுரை வருகிற தானியம் என்றால் இன்னும் மோசம். கினோவாவின் மேல்தோலில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. கசப்புக்கும் அதுதான் காரணம், சோப்பு மாதிரி நுரைப்பதற்கும் அதுதான். அந்த நுரை கலந்த தண்ணீர் கீழே வேகமாக ஓடிப் போனால்தான் கசப்பு போகும். வலையில் தேங்கி நின்றால் தானியம் அந்தக் கசப்புத் தண்ணீரிலேயே ஊறும். அதனால்தான் தானியத்தைத் தாங்குகிற கண்களில் எது பெரியதோ அதையே வாங்குங்கள் என்று சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தானியத்தின் அளவிலேயே இருக்கும் கல்லை எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. அளவை வைத்துப் பிரிப்பதுதான் வலையின் வேலை. அதே அளவுள்ள கல்லைப் பிரிக்க எடையைத்தான் பயன்படுத்த வேண்டும், அதாவது பாத்திரத்தில் தண்ணீர் விட்டுச் சுழற்றி அரிக்க வேண்டும். அரிப்பதற்குப் பதிலாக வடிகட்டி என்று நினைத்தால் பல்லுக்கு ஆபத்து. அரித்துவிட்டு வடிகட்டியில் களைவதுதான் சரியான வரிசை.

வடிவமும் அளவும்

அரைக்கோள வடிவம்தான் இந்த வேலைக்கு ஏற்றது. கூம்பு வடிவ வடிகட்டி சாறு, குழம்பு வடிக்க நன்றாக இருக்கும், ஆனால் தானியம் அடியில் போய் ஒரே கட்டியாக இறுகிவிடும், நடுவில் இருப்பதைத் தண்ணீர் தொடவே தொடாது. தட்டையான வட்டச் சல்லடை உலர்ந்த தானியத்தைச் சலிப்பதற்கு. ஈரத்தில் அதைக் கையில் பிடித்துச் சுழற்ற முடியாது. கால் வைத்த வலைக் கூடை சிங்கில் தானாக நிற்கும் என்பது நல்ல வசதி, அதிக அளவு களைகிறவர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் சிலவற்றில் பக்கவாட்டில் வலையும் அடியில் மட்டும் ஓட்டை போட்ட தகடுமாக இருக்கும். கட்டாயம் திருப்பிப் பாருங்கள்.

அளவில் தாராளமாக இருங்கள். வடிகட்டியில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் பாதி அளவுக்கு மேல் தானியம் இருக்கக் கூடாது, அப்போதுதான் கையால் புரட்ட இடம் இருக்கும். விட்டம் 15 சென்டிமீட்டர் உள்ள முழு அரைக்கோளம் ஒன்று லிட்டருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். 20 சென்டிமீட்டர் என்றால் சுமார் இரண்டு லிட்டர். ஐந்து சென்டிமீட்டர் கூடியதற்குக் கொள்ளளவு இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது பாருங்கள். கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவ்வளவு வித்தியாசம் தெரியாது. ஆழம் குறைந்த வடிகட்டிகளில் இன்னும் குறைவாகத்தான் கொள்ளும். ஒன்றிரண்டு பேருக்குச் சமைக்கிறவர்களுக்கு 16 போதும், நாலைந்து பேர் என்றால் 20. உங்கள் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பாத்திரத்துக்குள் அது இறங்க வேண்டும், அதையும் நினைவில் வையுங்கள்; பாத்திரத்துக்குள் வைத்துக் களைவதுதான் நல்ல முறை.

விளிம்பைத் தடவிப் பாருங்கள்

வலையைப் பார்க்கிற எல்லோரும் விளிம்பைப் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் ஒரு வடிகட்டி நீடித்து உழைக்குமா என்பதை முடிவு செய்வது விளிம்புதான். வலையின் ஓரத்தை மடித்து ஒரு வளையத்துக்குள் செருகி அழுத்தியிருப்பார்கள். அந்த வளையம் உள்பக்கம் வாய் பிளந்திருந்தால் ஒவ்வொரு முறையும் அமராந்த்தும் டெஃப்பும் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். தண்ணீரில் ஊறி அங்கேயே உப்பும், காய்ந்து ஒட்டும், இரண்டு மூன்று நாளில் வாடை வரும். ஈரம் காயாமல் நிற்கிற இடுக்கில்தான் துருவும் முதலில் பிடிக்கும். நல்ல எஃகாக இருந்தாலும் காற்றுப் புகாத இடுக்கில் தண்ணீர் தங்கினால் அரிப்பு ஏற்படும்.

அதனால் கடையில் வடிகட்டியைக் கையில் எடுத்தால் உள்விளிம்பைச் சுற்றி நகத்தால் ஒரு வட்டம் இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் அங்கே தானியமும் மாட்டும். நகம் வழுக்கிக்கொண்டே போனால் நல்ல விளிம்பு. அப்படியே கம்பி நுனி ஏதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் தெரிந்துவிடும், மெதுவாக இழுங்கள், விரலைக் கிழித்துக்கொள்ள வேண்டாம்.

இரட்டை அடுக்கு வலையைப் பொடி தானியத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பொடி வலைக்கு அடியில் தாங்குவதற்காக ஒரு பெரிய கண் வலை வைத்திருப்பார்கள், பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் மேல் வலையில் நழுவிய நொய் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டால் அதை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க வராது. தாங்குதல் வேண்டும் என்றால் அடியில் ஒரு பட்டையோ குறுக்குக் கம்பியோ வைத்த ஒற்றை வலை போதும்.

பிடி விளிம்போடு சேருகிற இடமும் முக்கியம். வலையில் ஊறிய தானியமும் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். மெல்லிய கம்பியை வளைத்துச் செய்த பிடி அந்த எடையில் ஆடும், சில மாதத்தில் பற்றவைப்பு விட்டுவிடும். ஒரு கையால் பிடியையும் மறுகையால் விளிம்பையும் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள், பற்றவைத்த இடம் அசையக் கூடாது.

எந்த உலோகம்

துருப்பிடிக்காத எஃகு வலைதான். அதில் 304 என்ற ரகம், 18/8 என்றும் போட்டிருப்பார்கள், அதாவது சுமார் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் கலந்தது, சமையலறைக்கு நல்ல தேர்வு. காந்தம் ஒட்டாவிட்டால்தான் நல்ல எஃகு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாத்திரத்தில் அது ஓரளவு உதவும், வலையில் முழுசாக நம்ப முடியாது, ஏனென்றால் மெல்லிய கம்பியாகக் குளிர்நிலையில் இழுக்கும்போது 304 எஃகே கொஞ்சம் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மைக்கு மாறிவிடும். ஆகவே காந்தம் லேசாக ஒட்டியது என்பதற்காக ஒரு நல்ல வடிகட்டியை ஒதுக்கிவிடாதீர்கள்.

வெள்ளீயம் பூசிய இரும்பு வலை வேண்டாம், பூச்சு தேய்ந்ததும் துரு வரும். நைலான் வலை மலிவு, துருப்பிடிக்காது, தண்ணீரில் களைய மட்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் உருகும், நாளாவட்டத்தில் வலை தொய்ந்து கண் கோணலாகும். மடித்து வைக்கும் சிலிக்கான் கூடைகளின் ஓட்டை பெரும்பாலும் பொடி தானியத்துக்குப் பெரியது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

உங்கள் தானியத்தில் ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, செருப்பைப் போட்டுப் பார்த்து வாங்குவது போலத்தான் இதுவும். வடிகட்டியில் அதைக் கொட்டி, அடியில் அதே காகிதத்தை விரித்துப் பிடித்து, பக்கவாட்டில் நன்றாக ஆட்டுங்கள். காகிதத்தில் முழுத் தானியம் ஒன்று விழுந்தாலும் வேண்டாம். ஒன்றிரண்டு நொய் விழுந்தால் பரவாயில்லை. பிறகு வடிகட்டியைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டுங்கள். கண்ணில் செருகிய தானியம் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், அதிகம் இருந்தால் அந்தக் கண் உங்கள் தானியத்தின் அளவுக்கு மிக நெருக்கம்.

அப்படியே வெளிச்சத்தில் பிடித்திருக்கும்போது வலை முழுவதும் கண்கள் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அடிப்பக்க வளைவில், வலையை இழுத்து அரைக்கோளமாக்கிய இடத்தில், கண்கள் சாய்சதுரமாக நீண்டிருக்கும். கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், ஆனால் ஒரு பக்கம் மட்டும் கம்பிகள் விலகி வெளிச்சம் அதிகமாக வந்தால் அந்த இடத்தில் தானியம் ஒழுகும். கட்டை விரலால் அடியை மெல்ல அழுத்துங்கள். வலை விறைப்பாக எதிர்க்க வேண்டும், அமுங்கிக் குழிந்தால் விட்டுவிடுங்கள்.

களைவது எப்படி

வடிகட்டி வந்துவிட்டது. இனி இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

முதலில் உலர்ந்த தானியத்தை வடிகட்டியில் போட்டு வெறுமனே சலித்துவிடுங்கள். தூசியும் மாவும் இப்போதே போய்விட்டால் தண்ணீர் பட்டதும் அது பசையாகி வலையை அடைக்காது. இந்த அரை நிமிட வேலை பிறகு பல நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்து, ஒரு பாத்திரத்தில் தானியத்தைப் போட்டு மூழ்கும் அளவுக்கு மேல் நிறையத் தண்ணீர் விட்டுக் கையால் கலக்குங்கள். உமி மிதக்கும், அதைச் சாய்த்து ஊற்றிவிடலாம். கல் இருக்கும் என்று சந்தேகம் இருந்தால் இந்தக் கட்டத்திலேயே அரித்துவிடுங்கள்: பாத்திரத்தைச் சாய்த்து ஆட்டி ஆட்டித் தண்ணீரோடு தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டிக்குள் விட்டால் கனமான கல் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். கடைசிக் கரண்டித் தானியத்தை விரலால் பரப்பிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இப்போது தானியம் வடிகட்டியில் இருக்கிறது. வடிகட்டியை இன்னொரு பாத்திரத்துக்குள் இறக்கி, தானியம் மூழ்கத் தண்ணீர் நிரப்பி, விரல்களை விரித்து அடிவரைக்கும் விட்டுச் சுழற்றுங்கள். தானியம் தண்ணீரில் மிதந்து புரளும்போதுதான் ஒவ்வொன்றின் எல்லாப் பக்கமும் கழுவப்படும். குழாயை மட்டும் திறந்துவிட்டு நின்றால் தண்ணீர் ஒரு குழி தோண்டிக்கொண்டு அந்த வழியாகவே ஓடும், ஓரத்தில் இருக்கும் தானியம் அப்படியே இருக்கும். சுழற்றியதும் வடிகட்டியைத் தூக்குங்கள், பாத்திரத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள், மறுபடி இறக்குங்கள். பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் இறங்கிய மணலும் நொய்யும் தெரியும். வடிகட்டியின் கண் சரியானதுதானா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். நேராகச் சிங்கில் வைத்துக் களைந்தால் எவ்வளவு தானியம் நழுவுகிறது என்பது தெரியவே தெரியாது, போதாக்குறைக்கு நழுவியது குழாய் வளைவில் உட்கார்ந்து ஊறி அடைத்துக்கொள்ளும்.

எத்தனை தண்ணீர் என்று எண்ணாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். கினோவா என்றால் நுரை நிற்கும் வரை. கலக்கிவிட்டுக் கையை எடுத்ததும் மேலே குமிழ் தங்காமல் உடனே உடைந்தால் போதும். சந்தேகமாக இருந்தால் ஒரு தானியத்தை நாக்கில் வைத்துப் பார்க்கலாம், கசப்பு உடனே தெரிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கசப்பு இன்னும் சீக்கிரம் போகும். மற்ற தானியங்களுக்கு, பாத்திரத்தின் அடி தெளிவாகத் தெரியும் வரை களைந்தால் போதும். லேசான வெள்ளை நிறம் மாவுச்சத்துதான், அதை முழுசாகப் போக்க நினைத்தால் முடிவே இருக்காது.

கடைசியாகத் தண்ணீர் வடிப்பது. பொடி தானியம் தண்ணீரை நிறையப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்தத் தண்ணீரையும் சேர்த்து அடுப்பில் ஏற்றினால் அளந்து விட்ட தண்ணீர்க் கணக்கு தப்பி, குழைந்துவிடும். வடிகட்டியை நேராகப் பிடிக்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள், தண்ணீர் எல்லாம் ஒரு மூலைக்கு வந்து சொட்டும். சொட்டுவது நின்ற பிறகு வலையின் வெளிப்பக்கத்தை விரலாலோ உலர்ந்த துணியாலோ தொடுங்கள். கண்களில் படலமாக நின்ற தண்ணீர் அந்தத் தொடுதலிலேயே சரசரவென்று இறங்குவதைப் பார்ப்பீர்கள். விளிம்பை உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினால் மீதியும் வரும். எக்காரணம் கொண்டும் கரண்டியால் தானியத்தை வலையில் வைத்து அழுத்தாதீர்கள். வலையில் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னித்தான் இருக்கின்றன, ஒட்டியிருக்கவில்லை. அழுத்தினால் விலகும், விலகிய கம்பி தானாகப் பழைய இடத்துக்கு வராது.

வடிகட்டியைக் கவிழ்த்துத் தானியத்தைச் சமைக்கும் பாத்திரத்தில் போடும்போது கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். சமைப்பதற்கு அளந்து வைத்த தண்ணீரையே வெளிப்பக்கத்திலிருந்து வலையின் மேல் ஊற்றினால் ஒட்டியதெல்லாம் பாத்திரத்திலேயே விழும், தானியமும் வீணாகாது, தண்ணீர்க் கணக்கும் மாறாது.

வடிகட்டி வாங்காமல் சமாளிக்க

உடனே வாங்க முடியாதவர்கள் ஓட்டைக் கூடையில் மெல்லிய பருத்தித் துணியை விரித்துக் களையலாம். துணியைக் கூடையின் விளிம்புக்கு வெளியே நன்றாகத் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் தானியம் துணிக்கு அடியில் போய்விடும். களைந்ததும் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து முறுக்கினால் தண்ணீர் நன்றாக வடியும், இந்த ஒரு விஷயத்தில் துணி வலையைவிட மேல். ஆனால் துணியிலிருந்து தானியத்தை எடுப்பது பொறுமையைச் சோதிக்கும். சுரண்டாமல், சமைக்கும் தண்ணீரில் துணியை முக்கி அலசிவிடுங்கள்.

களையவே கூடாதவை

சியா, சப்ஜா, ஆளி விதை மூன்றையும் வடிகட்டியில் களைய முயலாதீர்கள். தண்ணீர் பட்டதும் அவற்றின் மேல்தோல் வழவழப்பான கூழை வெளியே விடும், வலைக் கண்கள் எல்லாம் அதில் மூடிவிடும். அவற்றை உலர்ந்த நிலையில் சலித்துச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கும் இதே வடிகட்டி உதவும்.

வேலை முடிந்ததும்

உடனே கழுவுங்கள், அதுவும் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகத் தண்ணீரைப் பாய்ச்சுங்கள். தானியம் உள்ளேயிருந்துதான் செருகியிருக்கும், அதே திசையில் மறுபடி தண்ணீர் அடித்தால் இன்னும் இறுகும். முதலில் குளிர்ந்த தண்ணீர்தான். சூடான தண்ணீர் பட்டால் மாவுச்சத்து கூழாகி வலையில் ஒட்டிக்கொள்ளும். மாவுப் பசை காய்ந்துவிட்டிருந்தால் சிறிது நேரம் ஊறவைத்து, மிருதுவான பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வட்டமாகத் தேயுங்கள். கம்பி நார் வேண்டாம், அதன் துணுக்குகள் வலையில் மாட்டிக்கொள்ளும். விளிம்பு இடுக்கில் ஏதாவது இருந்தால் பல் குத்தும் குச்சியால் எடுங்கள். உப்புத் தண்ணீரிலும் பிளீச்சிங் கரைசலிலும் ஊறப்போடாதீர்கள், குளோரைடு எஃகைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். கழுவியதும் உதறி, தொங்கவிட்டுக் காயவையுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அதன் மேல் கனமான பாத்திரத்தை வைத்தால் வலை குழிந்துவிடும்.

மாதத்துக்கு ஒரு முறையாவது வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கம்பிகள் லேசாக விலகியிருந்தால் ஊசியின் மழுங்கிய முனையால் நகர்த்திச் சரிசெய்யலாம். கம்பி ஒன்று அறுந்திருந்தால் அந்த வடிகட்டியை உணவுக்குப் பயன்படுத்துவதை அன்றோடு நிறுத்துங்கள், ஒட்டுப் போட முயல வேண்டாம். அறுந்த நுனி அடுத்தடுத்த முறை தேய்க்கும்போது ஒடியும், அந்தத் துணுக்கு தானியத்தின் நீளம்கூட இருக்காது, தட்டில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது.